அண்டா தேய்க்க யார் நிற்கிறார்கள்?

போன இதழின் கடைசிப் பக்கத்தில், "சேவைச் சங்கங்கள் பற்றி என்ன கேட்க நினைக்கிறீர்களோ எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தோம். ஐந்தாறு கடிதம் வரும் என்று நினைத்தேன். ஆசிரியர் ஒரு கடிதக் கட்டையே அனுப்பிவிட்டார். நான் ஓய்வுபெற்ற தாதி. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் வீடு. லயன்ஸ் சங்கம் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேல் குப்பை கொட்டியவள், அதில் பாதிக் காலம் செயலாளர். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் சங்க வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

அக்கா, எனக்கு 67 வயது. மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது. மகன் மெல்பர்னில். பழைய நண்பர் ஒருவர் மூன்று முறை தன் சங்கக் கூட்டத்துக்கு அழைத்துவிட்டார். அது கோட்டு போட்ட பணக்காரர்கள் கூடிச் சாப்பிடும் இடம் என்று கேள்வி. நான் பேருந்து ஓட்டுநராக இருந்தவன். எனக்கு அது சரிப்படுமா?
*ஈசூன் வாசகர்*

அண்ணே, கோட்டு போட்டவர்கள் இருப்பார்கள். சாப்பாடும் இருக்கும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் கோட்டு போட்டவரைக் கண்டு நீங்கள் கூச வேண்டியதில்லை. அங்கே அவரிடமும் அபராதம் வாங்குவார்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. லயன்ஸ் சங்கங்களில் 'டெயில் டுவிஸ்டர்' என்று ஒரு பதவியே உண்டு. நாங்கள் 'வால்முறுக்கி' என்போம். கூட்டத்தில் தூங்கி வழிந்தால் அபராதம், கைப்பேசி ஒலித்தால் அபராதம், பிறந்தநாளை மறைத்தால் அபராதம். ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் அபராதம் போடக்கூடாது என்று சங்க விதிகளிலேயே எழுதியிருக்கிறது. வால்முறுக்கிக்கே அபராதம் போட வேண்டுமென்றால் வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். என் முதல் கூட்டத்துக்கு இரவுப் பணி முடிந்த அசதியில் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு போய்விட்டேன். இரண்டு வெள்ளி போயிற்று. அந்தக் காசு டப்பாவில் விழுந்த சத்தத்தோடு என் கூச்சமும் போயிற்று. எதிரே இருந்த வழக்கறிஞர், 'அடுத்த முறை மூன்று செருப்போடு வாருங்கள்' என்றார்.

சந்தா சங்கத்துக்குச் சங்கம் மாறும். அதில் ஒரு பகுதி, 'மாவட்டம்' என்று நாங்கள் சொல்லும் வட்டாரப் பிரிவுக்கும் அனைத்துலகத் தலைமையகத்துக்கும் போய்விடும். கூட்டம் ஹோட்டலில் நடந்தால் சாப்பாட்டுக் காசு தனி. சமூக மன்றத்து அறையிலோ உறுப்பினர் கடையிலோ நடந்தால் செலவு குறைவு. நண்பரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "ஒரு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து என் கையைவிட்டு எவ்வளவு போகும்?" இதற்கு நேராகப் பதில் வராத சங்கத்தில் சேராதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன் விருந்தினராக மூன்று முறை போய்ப் பாருங்கள். இரண்டு முறை கூட்டத்துக்கு, ஒரு முறை வேலைக்கு. வேலை முடிந்ததும் உடனே கிளம்பிவிடாமல் ஓர் ஓரமாக நில்லுங்கள். படம் எடுத்து முடித்த பிறகு யார் யார் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். நாற்காலி மடிக்க, குப்பைப் பை கட்ட, அண்டா தேய்க்க எட்டுப் பேராவது நின்றால் சேருங்கள். தலைவரும் அந்த எட்டில் ஒருவர் என்றால் மறுயோசனையே வேண்டாம். தலைவர் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே போய், இரண்டு பணிப்பெண்கள் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தால், நண்பருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

மனைவி போனதைப் பற்றி இரண்டு வார்த்தைதான் எழுதியிருக்கிறீர்கள். நானும் அளவாகவே சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ஆறு வாரம் மருத்துவமனையில் கிடந்தபோது சங்கத்தில் யாரும் மாலையோடு வரவில்லை. ஒரு பட்டியல் போட்டுக்கொண்டார்கள். செவ்வாய் ரசம் ஒருவர், வியாழன் இட்லி ஒருவர். ஞாயிறு காலையில், முன்பு உணவங்காடியில் கடை வைத்திருந்த சீனப் பெரியவர் மீன் கஞ்சியோடு வந்துவிடுவார். அவருக்குத் தமிழ் தெரியாது, என் வீட்டுக்காரருக்கு ஹொக்கியன் தெரியாது. இருவரும் அரை மணி நேரம் பழைய மலாயில் காற்பந்து பேசுவார்கள். இந்த ஏற்பாடு எந்தக் கூட்ட அறிக்கையிலும் இல்லை. அறிக்கை எழுதியவளே நான்தான், எனக்குத் தெரியும்.

பேருந்து ஓட்டியவர் என்கிறீர்கள். வழியும் நேரமும் தெரிந்த ஆளுக்கு எந்தச் சங்கத்திலும் கிராக்கி. போய்ப் பாருங்கள்.

*

லயன்ஸ், ரோட்டரி, சமூக மன்றத்து நற்பணிச் செயற்குழு எல்லாம் ஒன்றா? நான் மதுரையிலிருந்து வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஊரில் போலியோ சொட்டு மருந்து முகாமில் ரோட்டரி பலகையைப் பார்த்த ஞாபகம் உண்டு.
*பொங்கோல் வாசகி*

ஒன்றில்லை அம்மா. பெரியப்பா மகள், சின்னப்பா மகள், பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி.

மூத்தது ரோட்டரி. 1905 பிப்ரவரியில் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கினார். உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழற்சியாக மாறி மாறிக் கூடியதால், சுழல்வது என்ற பொருளில் அந்தப் பெயர். சிங்கப்பூருக்கு 1930லேயே வந்துவிட்டது. நீங்கள் பார்த்த பலகை 1985ல் ரோட்டரி உலக அளவில் தொடங்கிய போலியோ ஒழிப்பு முயற்சியின் மிச்சம். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாகக் கண்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்து ஹௌராவில் ஒரு சிறுமிக்கு. 2014ல் நாடு போலியோ அற்றது என்று சான்று கிடைத்தது. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறிய சுகாதாரப் பெண்களுக்குத்தான் முதல் மரியாதை. ஆனாலும் ஒரு சங்கம் முப்பது வருடம் ஒரே காரியத்தை விடாமல் பிடித்துக்கொண்டது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எங்களுக்கெல்லாம் மூன்றாம் வருடமே புதுத் திட்டம் கேட்கும்.

லயன்ஸ் 1917ல் பிறந்தது. அதுவும் சிகாகோ சரக்குதான். மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதிக்காரர் தொடங்கினார். 1925ல் ஹெலன் கெல்லர் எங்கள் மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோருக்காக நீங்கள் நிற்கவேண்டும் என்று கேட்டார். அன்றிலிருந்து கண் எங்கள் குலதெய்வம். பழைய மூக்குக்கண்ணாடி சேர்க்கும் பெட்டியைப் பார்த்தால் பெரும்பாலும் எங்கள் வேலையாக இருக்கும். தனியாக வாழும் முதியோரைப் போய்ப் பார்த்துப் பேசும் 'லயன்ஸ் பிஃப்ரெண்டர்ஸ்' அமைப்பு இங்கே 1995ல் பிறந்தது.

நற்பணிச் செயற்குழு முற்றிலும் நம் ஊர்ச் சரக்கு. 1960ல் அமைந்த அரசு அமைப்பான மக்கள் கழகத்தின் கீழ், சமூக மன்றங்களில் இயங்குவது. பொங்கல், தீபாவளி, ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகள் என்று பேட்டைக்குள்ளேயே வேலை இருக்கும். சந்தாச் சுமையும் இல்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு பொங்கோலிலிருந்து வெகுதூரம் போக முடியாதென்றால் இதுவே உங்களுக்கு வசதி.

சங்கம் கூடி வேலை செய்வதை அமெரிக்கர்கள்தான் நமக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழர் சீர்திருத்தச் சங்கம் இங்கே 1932லேயே இயங்கியது. கோ. சாரங்கபாணி தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய 1935க்கும் முன்னால்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லயன்ஸ் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1987ல்தான், ரோட்டரி 1989ல். அதற்கு முன் நாங்கள் 'துணைவியர்'. மேசை விரிப்பு எங்கள் துறை. நான் 1990களில் சேர்ந்தபோதும் முதல் வருடம் எல்லாரும் என்னிடம்தான் பலகாரம் கேட்டார்கள். இரண்டாம் வருடம் கணக்குப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன். பலகாரம் கடையிலிருந்து வர ஆரம்பித்தது.

*

தீபாவளிக்கு எங்கள் குழு ஓரறை வாடகை வீடுகளில் இருக்கும் முதியோருக்கு வீடு வீடாகப் பொருள் கொடுத்தது. அரிசி, எண்ணெய், சர்க்கரை, பிஸ்கட் டின். ஒரு பாட்டி கதவை அரைகுறையாகத் திறந்து வாங்கிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் சாத்திவிட்டார். படத்துக்கும் நிற்கவில்லை. இளையவர்கள் மனம் நொந்துவிட்டார்கள். எப்படித் தேற்றுவது?
*புக்கிட் மேரா வாசகர்*

தேற்ற வேண்டாம் தம்பி. கொஞ்சம் நோகட்டும்.

அந்தக் கதவுக்கு உள்பக்கம் நின்று பாருங்கள். ஞாயிறு காலை பத்து மணி. கைலியும் பழைய சட்டையுமாக இருக்கிறீர்கள். தலை சீவவில்லை. கதவைத் திறந்தால் ஒரே நிறச் சட்டையில் ஐந்து பேர், ஒருவர் கையில் பதாகை, ஒருவர் கையில் கேமரா. உங்கள் வீடு மொத்தமும் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது, ஏனென்றால் உங்கள் வீடே அந்த ஓர் அறைதான். நீங்களாக இருந்தால் படத்துக்கு நிற்பீர்களா?

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இதே தவற்றை நானே செய்திருக்கிறேன். வருடம் வேண்டாம். நாங்களும் தீபாவளிக்கு ஐந்து கிலோ அரிசிப் பை கொடுத்தோம். பையில் எங்கள் சின்னம்கூட அச்சடித்திருந்தோம், அதற்கு ஒரு தனிச் செலவு. மூன்று மாதம் கழித்து, ஏழாவது மாடியில் இருந்த ஒரு பாட்டியின் இரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். சங்க வேலையாக அல்ல, மனசு கேட்காமல். கட்டிலுக்கு அடியில் மூன்று அரிசிப் பை. ஒன்று எங்களுடையது. மற்ற இரண்டும் எங்களைப் போன்ற வேறு இரண்டு புண்ணியவான்களுடையவை. மூன்றுமே பிரிக்கப்படவில்லை.

"ஏன் பாட்டி, சோறு ஆக்குவதில்லையா?" என்றேன். கையை நீட்டிக் காட்டினார். விரல் கணுவெல்லாம் இஞ்சி மாதிரி முண்டு முண்டாக இருந்தது. பையின் வாயில் போட்டிருந்த தையல் நூலை அவரால் இழுக்க முடியவில்லை. கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. ஐந்து கிலோவைத் தூக்கி அடுப்பு மேடையில் வைக்கவும் முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டிருக்கிறார். சர்க்கரையை எறும்புக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு நீரிழிவு. பிஸ்கட் டின் மட்டும் பயன்பட்டது. உள்ளே இருந்ததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, டின்னில் மருந்து வைத்திருந்தார்.

கிளம்பும்போது கழிப்பறை விளக்கைப் போட்டேன். எரியவில்லை. "இரண்டு மாதமாச்சு" என்றார். இரவில் எப்படிப் போகிறீர்கள் என்றதற்கு, சாமி மாடத்தில் இருந்த அகல் விளக்கைக் காட்டினார். அந்த நடுங்கும் கையில், எண்ணெய் ததும்பும் அகல் விளக்கோடு, ஈரத் தரையில் எண்பது வயது. நான் தாதி. எனக்கு அந்தக் காட்சியில் இடுப்பெலும்பு முறிவுதான் தெரிந்தது. அன்று மாலையே என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு ஏறி டியூப் மாற்றினார். பத்து நிமிட வேலை, சில வெள்ளி. பாட்டி நன்றி சொல்லவில்லை. "உன் புருஷனுக்கு வயிறு பெருத்துப் போச்சு, சொல்லி வை" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டிலேயே நான் பத்திரமாக வைத்திருப்பது அதுதான்.

அதற்குப் பிறகு நாங்கள் மாற்றியது இவ்வளவுதான். விநியோகத்துக்கு இரண்டு வாரம் முன்பே இருவர் மட்டும் போய், என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அரிசி வேண்டுமென்றால் ஒரு கிலோப் பைகள். போகிறவர் பையில் கத்தரிக்கோலும் ஒரு டியூபும் திருப்புளியும் இருக்கும். கேமரா மின்தூக்கியைத் தாண்டக் கூடாது. பொட்டலம் கட்டும் இடத்தில், புளோக் கீழ்த்தளத்தில், ஆசை தீர எங்களையே நாங்கள் படம் எடுத்துக்கொள்வோம்.

உங்கள் இளையவர்களை அடுத்த மாதம் அதே கதவுக்கு இரண்டு பேராக அனுப்புங்கள். பதாகை இல்லாமல், பொருளும் இல்லாமல். கதவு எவ்வளவு திறக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

*

எனக்கு 17 வயது. பள்ளிச் சேவை மன்றத்தில் ரத்த தானத்துக்குப் பெயர் கொடுத்தேன். அம்மா, "உடம்பில் இருக்கிறதே ஒரு பிடி, அதையும் கொடுக்கப் போகிறாயா?" என்கிறார்.
*செங்காங் மாணவி*

அம்மா சம்மதம் இல்லாமல் நடக்காது கண்ணா. இங்கே 16 வயதிலேயே கொடுக்கலாம், ஆனால் 18 ஆகும் வரை பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12.5, ஆண்களுக்கு 13. விரல் நுனியில் குத்தி அங்கேயே பார்த்துவிடுவார்கள். குறைந்தால் அவர்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்த 12 வாரத்துக்கு உன்னிடம் கேட்க மாட்டார்கள்.

முந்தின இரவு ஒழுங்காகத் தூங்கு. காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. தண்ணீர் நிறையக் குடி. முருங்கைக்கீரை சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் நிறுத்தச் சொல். கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளத் தேநீர் விடாது.

அம்மாவை ஊட்ரம் ரோடு ரத்த வங்கிக்கோ தோபி காட் ரத்த வங்கிக்கோ கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. எடை போதவில்லை என்றால் வருத்தப்படாதே. ரத்த தான முகாமில் எங்கள் வேலை பெரும்பாலும் ஊசி இல்லாத வேலைதான். மைலோ கலக்குவது, கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் பதினைந்து நிமிடம் பேச்சுக் கொடுத்து எழ விடாமல் பார்த்துக்கொள்வது. மயங்கி விழுபவர் பாதிப் பேர், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சட்டென்று எழுந்தவர்கள்தான். தேசிய சேவை செய்யும் ஆறடிப் பையன் ஒருவனை நானும் இன்னொரு அக்காவும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்தது இன்னும் இடுப்பில் இருக்கிறது.

*

எங்கள் ஊர் திருவாரூர்ப் பக்கம். கிராமத்துப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை. இங்கே நண்பர்கள் சேர்ந்து உண்டியல் வைத்து, தேக்கா பக்கம் நின்று நிதி திரட்டலாமா?
*சிராங்கூன் வாசகர்*

நல்ல காரியம். ஆனால் உண்டியலை முதலில் உள்ளே வையுங்கள்.

தெருவிலும் வீடு வீடாகவும் காசு வசூலிக்க இங்கே உரிமம் வேண்டும். கொடி நாள் என்று சட்டையில் ஒட்டுச்சீட்டு ஒட்டும் பிள்ளைகளுக்குப் பின்னாலும் ஓர் உரிமம் இருக்கிறது. வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் திரட்டுவதென்றால் அறப்பணி ஆணையரின் அனுமதியும் வேண்டும். அதிலும் திரட்டியதில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்குத் தளர்த்துவார்கள். ஆக நூறு வெள்ளி திரட்டித் திருவாரூருக்கு இருபதுதான் அனுப்பமுடியும் என்றால் உங்கள் கணக்கு தப்பிவிடும்.

இதற்குத்தான் சங்கங்களின் பின்வாசல் நல்லது. பின்வாசல் என்றால் தப்பான வழி அல்ல, சமையல்கட்டு வழி. உங்கள் பள்ளிக்கு அருகே தமிழ்நாட்டு ரோட்டரி, லயன்ஸ் சங்கம் எதுவென்று பாருங்கள். இங்குள்ள சங்கமும் அந்தச் சங்கமும் கைகோத்து மானியம் கேட்கலாம். ரோட்டரி அறக்கட்டளையின் உலக மானியம் என்றால் திட்டச் செலவு குறைந்தது 30,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும். ஒரு பள்ளிக்கு அது பெரிது. ஐந்தாறு பள்ளிகளைச் சேர்த்தால் சரிவரும். சின்னதாகவே போதும் என்றால் ரோட்டரியின் மாவட்ட மானியம் கேளுங்கள்.

விண்ணப்பம் எழுதும் முன் தலைமையாசிரியையிடம் ஒரு கேள்வி: தண்ணீர் எங்கிருந்து வரும், தினமும் யார் கழுவுவார்கள், அவருக்குச் சம்பளம் யார் தருவார்கள்? கட்டுவதற்கு ஆள் கிடைப்பார்கள். கல்வெட்டில் பெயர் போடக் கூடுதலாகவே கிடைப்பார்கள். பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகளில் கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருப்பதை நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். பத்து வருடத்துக்கு ஒரு அம்மாவின் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

*

தலைவர் பதவிக்குச் சண்டை வந்து எங்கள் சங்கம் இரண்டாகப் பிளக்கும் நிலை. என்ன செய்யலாம்?
*பெயர் வேண்டாம்*

பிளந்தால் நீங்கள் ஒரு பாதி, அவர்கள் ஒரு பாதி. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் தேறுமா என்று பாருங்கள். பத்துப் பேர் இருந்தால்தான் பதிவு.

ஜூலை 1ல் புது ஆண்டு பிறந்து, தலைவர் மாறும் வழக்கம் லயன்ஸிலும் ரோட்டரியிலும் இருப்பது சும்மா இல்லை. ஒரு வருடம்தான், பிறகு எழுந்து இடம் விட வேண்டும். உங்கள் சட்டத்திலும் அதை எழுதி வைத்துவிட்டால் சண்டையும் வருடத்துக்கு ஒன்றோடு நிற்கும். இரண்டு தரப்பும் யார் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். எனக்கு இரண்டு பேரையும் தெரிந்திருக்கும்.

*

விழாக்களில் பொன்னாடை போர்த்துவது அவசியமா? எங்கள் குழுவில் வருடத்துக்கு முப்பது வாங்குகிறோம்.
*உட்லண்ட்ஸ் வாசகி*

என் அலமாரியில் பதினெட்டு இருக்கிறது. வெயிலுக்கு ஆகாது, குளிருக்கு ஆகாது, துடைத்தால் தண்ணீர் இழுக்காது. முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு தாத்தா, "எனக்கு எதுக்கு? நான் என்ன எம்.பி.யா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல பருத்தித் துண்டு வாங்கிப் போர்த்துங்கள். வாங்கியவர் வீட்டில் அது தினம் தினம் உங்கள் பெயரைச் சொல்லும்.

*

நான் கப்பல் பட்டறை ஊழியன், சொந்த ஊர் அறந்தாங்கி. போன பொங்கலுக்கு ஒரு சங்கம் எங்கள் தங்குவிடுதிக்கு வந்து பை கொடுத்தது. சந்தோஷம்தான். ஆனால் வாங்கிக்கொண்டே இருக்க ஒருமாதிரி இருக்கிறது. என் ஞாயிற்றுக்கிழமையில் நானும் ஏதாவது செய்ய முடியுமா?
*துவாஸ் வாசகர்*

தம்பி, இந்தக் கடிதக் கட்டிலேயே என்னை எழுந்து உட்கார வைத்த கடிதம் உங்களுடையது.

ஒரு தங்குவிடுதியில் நாங்கள் 400 பை கொடுக்கப் போனோம். மழை. கூடாரத்தின் ஒரு பக்கம் காற்றில் தூக்கிக்கொண்டது. எங்கள் ஆட்கள், மேலாளர்கள், வங்கிக்காரர்கள், ஆளுக்கொரு கால் பிடித்து ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். வரிசையில் நின்ற நாலு தம்பிகள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். ஒருவர் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டே கம்பத்தில் ஏறினார். இன்னொருவர் நாங்கள் போட்ட முடிச்சைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவிழ்த்து, வேறு முடிச்சுப் போட்டார். பத்து நிமிடத்தில் கூடாரம் நின்றது. பிறகு அவர்களே வரிசையை இரண்டாகப் பிரித்தார்கள். எங்கள் கணக்குப்படி மூன்று மணி நேர வேலை, ஒன்றரை மணியில் முடிந்தது. அன்று யார் யாருக்குச் சேவை செய்தார்கள் என்று கூட்ட அறிக்கையில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. "பைகள் வழங்கப்பட்டன" என்று மட்டும் எழுதினேன். இன்றும் அது உறுத்துகிறது.

அதனால் தாராளமாக வாருங்கள். பை கொடுத்த சங்கத்தின் செயலாளர் எண்ணை விடுதி அலுவலகத்தில் கேளுங்கள். "அடுத்த முறை நான் கொடுக்கும் பக்கம் நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். முதியோர் வீட்டுக்கு வண்ணம் அடிக்க, உடைந்த அலமாரியைச் சரிசெய்ய உங்களைப் போன்ற கை எங்களிடம் இல்லை. இரண்டு ஞாயிற்றில் ஒன்றை மட்டும் கொடுங்கள். மற்றது உங்கள் தூக்கத்துக்கும் ஊருக்குப் பேசுவதற்கும். எல்லா ஞாயிறும் வரச் சொல்லும் சங்கத்துக்கு என் பெயரைச் சொல்லித் திட்டலாம். வேலை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்காரும்போது நீங்கள் ஓரமாகப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நிற்கக் கூடாது. அதே மேசையில் உட்காருங்கள். இடம் விடாவிட்டால் அந்தச் சங்கத்தை விட்டு வந்துவிடுங்கள், எங்களிடம் இடம் இருக்கிறது.

*

அடுத்த மாதம் எங்கள் குடியிருப்பாளர் குழு கூட்டத்துக்கு 100 பேர் வருகிறார்கள். சுண்டல் என் பொறுப்பு. இதுவரை பத்துப் பேருக்கு மேல் செய்ததில்லை. அளவு சொல்லுங்கள் அக்கா.
*தெம்பனிஸ் வாசகி*

அப்பாடா, எனக்கு நிச்சயமாகத் தெரிந்த கேள்வி.

வெள்ளைக் கொண்டைக்கடலை நாலு கிலோ. ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வரும், ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம். முந்தின இரவு எட்டு மணிக்கே ஊறப்போடுங்கள். பெரிய பாத்திரமாக இருக்கட்டும். நான் முதல் தடவை அளவாக ஒரு வாளியில் ஊறவைத்து, காலையில் சமையலறைத் தரையெல்லாம் கடலை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வையுங்கள், வாயுத் தொல்லை குறையும். வீட்டுக் குக்கரில் ஐந்தாறு தவணையாகும், பரவாயில்லை. உப்பு முக்கால் வேக்காட்டில். தேங்காய் நாலு போதும், ஆனால் அதைக் கடைசியில் போடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் தேங்காய் கலந்த சுண்டல் மதியத்துக்கு மேல் தாங்காது. காரத்தைக் குறைத்து, பச்சை மிளகாயைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சீன, மலாய் அண்டை வீட்டாரும் வருவார்கள். மாங்காய்த் துருவல் போட்டால் அவர்கள் இரண்டாவது கிண்ணம் கேட்பார்கள், அதனால் அரைக் கிலோ கூடவே ஊறவைத்துவிடுங்கள்.

தாளிக்கும் அண்டாவை எங்கே இரவல் வாங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. அடி பிடித்தால் எலுமிச்சைத் தோலும் கல்லுப்பும் போட்டு வெந்நீரில் ஊறவிடுங்கள். அதைத் தேய்க்க இரண்டு பேரை இன்றே பிடித்து, பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் குழுத் தலைவராக இருக்கட்டும்.